பின் சீட் இல்லாத வண்டி

பின் சீட் இல்லாத கார் ஏதாவது இருக்கிறதா என்று அம்மா கேட்டபோது, ஷோரூம்காரர் அதை ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா எதை மனதில் வைத்துக் கேட்கிறார் என்று அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா என்று நான் சொல்வது என் முதலாளியம்மாவை. அட்டைப்பெட்டி ஆலை நடத்திய ஐயாவின் மனைவி. ஐயாவுக்கு இருபத்து மூன்று வருஷம் கார் ஓட்டியவன் நான். ஐயா போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஷோரூமுக்கு ஐயாவோடு நான் மூன்று முறை போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரு கறுப்பு செடான் வாங்க. அந்த நாளில் வாசல் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பும் வெள்ளியுமாகப் பெரிய கார்கள்தான் நிற்கும். இப்போது அங்கே கிளிப்பச்சை, மஞ்சள், வானநீலம் என்று குட்டிக் குட்டி எலெக்ட்ரிக் கார்கள். பின்பக்கம் வெட்டி எடுத்ததுபோல டிக்கி வெளியே நீளாமல் முடிந்துவிடுகிற ரகம். ஒரே ஒரு செடானை மட்டும் தூணுக்கு அந்தப் பக்கம், கழிவறைக்குப் போகும் வழியில் நிறுத்தியிருந்தார்கள். போகிறவன் வருகிறவனெல்லாம் ஈரக்கையை உதறிக்கொண்டே அதைத் தாண்டிப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷோரூம்காரருக்கு நான் மனசுக்குள் வைத்த பெயர் சிரிப்பு. எதற்கும் சிரிப்பார். பத்துப் பேர் உள்ளே வந்தால் ஏழு பேர் நேராகச் சின்ன வண்டிக்குத்தான் போகிறார்களாம். இரண்டு பேர் பெரிய வண்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். மீதி ஒருவர் ஏசிக்காக வருகிறாராம். பின்னால் யார்டில் எட்டு செடான்கள் போன வருஷத்திலிருந்து உறை போட்டபடி நிற்கின்றனவாம். சின்ன வண்டிக்கு மட்டும் பதினோரு வாரம் காத்திருக்க வேண்டுமாம். இதையெல்லாம் ஏதோ தானே பெற்றெடுத்ததுபோலப் பெருமையாகச் சொன்னார்.

எனக்கு ஒரு கணக்கு உண்டு. பெரிய கார் வாங்குகிறவர் பின்னால் உட்காருவார். சின்ன கார் வாங்குகிறவர் முன்னால் உட்காருவார். வித்தியாசம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் சிரிப்பு அச்சடித்து வைத்திருக்கும் பளபளக் காகிதத்துக்காக எழுதியது. முன்னால் உட்கார ஆசைப்படுகிறவர்கள் ஊரில் அதிகமாகிவிட்டார்கள். அப்புறம் என்னைப் போன்றவன் எங்கே உட்காருவது?

வண்டியை யார் ஓட்டுவது, இந்த சாரா என்று சிரிப்பு என் பக்கம் கை காட்டினார். நான் நிமிர்ந்து நின்றேன்.

“நான்தான்,” என்றார் அம்மா.

நான் குனிந்து பக்கத்திலிருந்த வண்டியின் டயரைப் பார்க்க ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். புது டயரில் பார்க்க ஒன்றும் இல்லை.

பின் சீட்டைப் பற்றிச் சிரிப்பு ஒரு சமாதானம் சொன்னார். இந்த வண்டியில் பின்னால் யாரும் உட்காருவதில்லை, பைதான் வைப்பார்கள், மடக்கிவிட்டால் சீட் இருப்பதே தெரியாது என்றார். மடக்கியே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மா கையெழுத்துப் போட்டார்.

*

ஐயாவிடம் சேர்ந்த முதல் நாள். வண்டியில் ஏறி, முன்னாலிருக்கும் கண்ணாடியை என் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து அதைக் கொஞ்சம் மேலே தள்ளியது.

“இது ரோட்டைப் பாக்கறதுக்குப்பா. என்னைப் பாக்கறதுக்கு இல்ல,” என்றார் ஐயா.

அதட்டிச் சொல்லவில்லை. தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுபோலத்தான் சொன்னார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். கண்ணாடியில் பின்பக்க வாகனங்கள் தெரியும், ஐயா தெரியமாட்டார். பின்னால் அவர் செருப்பைக் கழற்றிப்போட்டாரா, சத்தமில்லாமல் அழுதாரா, எனக்குத் தெரியாது. காதுதான் எல்லாம். பேப்பர் திருப்புகிற சத்தம் வந்தால் நல்ல மனநிலை. பேனா மூடியைத் தட்டினால் ஆலையில் பிரச்சினை. வண்டி மூன்று முறை மாறியது. ஒவ்வொரு முறையும் புது வண்டியில் நான் செய்கிற முதல் வேலை கண்ணாடியை மேலே தள்ளுவது. அந்தச் சட்டத்தை நான் மதித்தேன். அடுத்தவர் முகத்தைப் பார்க்காமலிருப்பதும் ஒரு மரியாதை என்று இன்னும்கூடச் சொல்வேன்.

ஒரு கெடுதல் மட்டும் இருந்தது. வண்டி பெரிதாக ஆக, சத்தம் குறைந்துகொண்டே போனது. கடைசியாக வாங்கிய செடானில் பேப்பர் திருப்புகிற சத்தமே முன்னால் கேட்காது. அதைத்தான் சிறப்பு என்று சொல்லி விற்றார்கள்.

ஐயா போன அன்று மதியம் மழை. மூன்றரைக்கு ஆலையிலிருந்து கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில், “ஏசியைக் கூட்டுப்பா,” என்றார். எனக்கே கை சில்லிட்டிருந்தது. பெரிய மனிதர்களின் உடம்பு வேறு என்று நினைத்துக்கொண்டு கூட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. பெட்ரோல் பங்க் முக்கு வருவதற்குள் பின்னாலிருந்து நீளமாக, கரகரவென்று ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் அமைதி. அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த முக்கில் இரண்டு வழி. நேரே போனால் மார்க்கெட் ரோடு. குறுக்கு வழி, ஆனால் குழாய்க்காகத் தோண்டி மூடாத பள்ளங்கள். திரும்பினால் சுற்றுச்சாலை. கால் மணி நேரம் கூடுதல், ஆனால் தண்ணீர் டம்ளரை வைத்தால் சிந்தாது. ஐயா அந்த வாரம் முழுக்க ஆலைக் கவலையில் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. டிரைவருக்கு இருக்கிற ஒரே கர்வம், பின்னால் தூங்குகிறவரை வீட்டு வாசலில்தான் எழுப்புவது. நான் சுற்றுச்சாலையில் திருப்பினேன். நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். பஸ்காரன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போனான். என் ஐயா தூங்குகிறார், நீ கத்து என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நிமிஷம் போயிருக்கும். அம்மா என் போனில் கூப்பிட்டு எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். ஐயா அசந்து தூங்குகிறார் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“தூங்கட்டும் தம்பி, எழுப்பாதீங்க. மெதுவாவே வாங்க. ஒரு அவசரமும் இல்ல.”

வீட்டு வாசலில் இறங்கி, குடை பிடித்துக்கொண்டு பின் கதவைத் திறந்தேன். கதவோடு சேர்ந்து ஐயாவும் சாய்ந்து வந்தார். மூக்குக்கண்ணாடி காலடியில் கிடந்தது. குடையை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம் மார்க்கெட் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு, அதே பள்ளங்களில் பறந்தேன். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அந்த ஆஸ்பத்திரி பெட்ரோல் பங்க் முக்கிலிருந்து பதினோரு நிமிஷம். ஆயிரம் முறை அதன் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

*

ஆறாம் நாள், வண்டி நிற்கிற இடத்துப் படியில் அம்மா வந்து உட்கார்ந்தார். நான் துடைத்த கதவையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் மெதுவா வாங்கன்னு சொன்னதாலதானே தம்பி நீங்க சுத்து வழியில வந்தீங்க?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. இல்லை. நீங்கள் கூப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே நான் திருப்பிவிட்டேன். அந்த ரோட்டில் நடுவில் சுவர் வைத்திருக்கிறார்கள், நீங்கள் எழுப்பச் சொல்லியிருந்தாலும் பாதி தூரம் வரை திரும்ப வழியில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

அதையெல்லாம் நினைக்காதீங்கம்மா என்று மட்டும் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். வெட்கம்கெட்ட ஆறுதல்.

வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா என்னைக் காட்டி, இருபத்து மூணு வருஷம் அவரைப் பத்திரமாக் கொண்டுவந்து சேர்த்தவர் என்று சொல்வார். அவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைப்பார்கள். அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உண்மை அதுதான்.

ஆனால் அந்தப் பெயருக்கான விலையை அம்மா கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பகலில் யாரும் கண்ணை மூட முடியாமல் போயிற்று. சமையல்கார அம்மா கொஞ்சம் தலை சாய்த்தால் ஓடிப்போய்த் தோளைத் தொட்டு எழுப்புவார். கேட்டில் நாற்காலியில் தூங்கிவழிந்த வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கினார். அவன் வேலை போயிற்று என்று பயந்து காலில் விழப்போனான். எதுவும் சொல்லாமல் அவன் கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அம்மா உள்ளே போனார். பயணத்தில் இருக்கிற யாருக்கும் போன் செய்வதையே நிறுத்திவிட்டார். தூங்கட்டும் என்ற சொல் அந்த வாயிலிருந்து அப்புறம் வரவே இல்லை. முகம் ஒடுங்கி, வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின.

என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சொல்லிடுங்க. இல்லன்னா அந்த அம்மாவும் போயிடுவாங்க,” என்றாள்.

சொன்னால் வேலை போய்விடும் என்றேன். அவங்கதான் சின்ன வண்டி வாங்கித் தானே ஓட்டப்போறாங்களே, வேலை எப்படியும் போகத்தானே போகிறது, வேறு எதைக் கட்டிக் காக்கிறீங்க என்று கேட்டாள். கேட்டது நியாயம். அதனால் எனக்குக் கோபம் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

*

சின்ன வண்டி வர வேண்டிய பதினோரு வாரத்தில் அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. தன் இடத்துக்குத் தானே ஆள் தயார் செய்கிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? அது நான்தான்.

அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. இருபத்தைந்து வயதில் வாங்கியதாம். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார், ஆனால் வண்டியைத் தொட்டதில்லை. டிரைவர் இருக்காரே என்று ஐயா ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவாராம். அந்த டிரைவர் நான்தான் என்பதால் அதைக் கேட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆலை முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், அந்தக் கறுப்பு செடானிலேயே ஆரம்பித்தோம். முதல் நாளே அம்மா பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்து, அடுக்கி வைத்த வெற்று அட்டைப்பெட்டிகளுக்குள் வண்டியை விட்டார். இருநூறு பெட்டிகள் மேலே சரிந்து, முன் கண்ணாடி இருட்டிப்போயிற்று. அப்புறம் அம்மா சிரித்தார். ஐயா போனபிறகு முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவர் எங்கே அழுகைக்கு மாறினார் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் இறங்கிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். நிதானமாக எடுத்தேன்.

இரண்டாவது வாரம் அம்மா பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷம்.

“இன்னும் கொஞ்சம் மேல தள்ளுங்கம்மா.”

மேலே தள்ளினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தெரியமாட்டாரே என்றார் அம்மா. அப்போதுதான் ஐயாவின் சட்டத்தைச் சொன்னேன். அத்தனை வருஷம் அதே வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கீழே இழுத்து, பின் சீட் முழுக்கத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டினார். பின் சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தார்.

அம்மா நன்றாகவே ஓட்டினார். நான் வண்டி பழகிய முதல் மாதத்தில் ஓட்டியதைவிட நன்றாக. அதைச் சொல்ல எனக்கு ஏழு வாரம் ஆனது.

இதற்கிடையில் செடானை விற்கப் பார்த்தோம். பழைய கார் வாங்குகிறவர் ஒருவர் வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார், டிக்கியை முகர்ந்துகூடப் பார்த்தார். இந்த மாதிரி வண்டி எங்கள் இடத்தில் ஏற்கெனவே நான்கு நிற்கிறது, கேட்பார் இல்லை, டிரைவர் வைத்துக்கொள்கிற குடும்பங்கள் குறைந்துவிட்டன, எல்லாரும் அந்தப் பேட்டரிக் குட்டிகளைத்தான் கேட்கிறார்கள் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் விருந்தாளிகளை ஏற்றி இறக்குகிற ஒரு வாடகை கம்பெனி எடுத்துக்கொண்டது.

அவர்கள் வருகிற காலையில், பின் சீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார் அம்மா. பழைய பேப்பர் ஒன்று, மூடி கடித்த பேனா, பாதி தீர்ந்த இருமல் மிட்டாய் டப்பா. சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தேடுவதற்காக உள்ளே ஏறி உட்கார்ந்தேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை அந்தப் பக்கம் உட்கார்கிறேன். பூப்போல இருந்தது. நிமிர்ந்து முன்னால் பார்த்தேன். காலையில் துடைத்தபோது என் கை பழக்கத்தில் கண்ணாடியை மேலே தள்ளி வைத்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் டிரைவரின் கண் தெரியவில்லை. வெறும் கூரைத் துணிதான் தெரிந்தது.

அன்றைக்கு ஐயாவுக்குக் குரல் வராமல் போயிருக்கலாம். என்னைப் பார்த்தாவது ஜாடை காட்டலாம் என்று கண்ணாடியைப் பார்த்திருப்பார். அங்கே நான் இல்லை.

கதவை மூடிக்கொண்டு அந்த வண்டிக்குள் அழுதேன். வெளியே ஒரு பொட்டுச் சத்தம் கேட்டிருக்காது.

*

வானநீல வண்டி வந்தது. சிரிப்பு சாவியைக் கொடுத்துவிட்டு, உங்களுக்குப் பின்னால் இப்போது பதினான்கு வாரம் வரிசை நிற்கிறது, அதிர்ஷ்டசாலிகள் என்றார். அம்மா நன்றி சொன்னார். பின் சீட்டை மடக்கித்தான் வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஆலை வரை போய் வரலாம் என்று அம்மா கூப்பிட்டார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். முழங்கால் முன்னால் இடிக்கும் என்று எதிர்பார்த்தேன், இடிக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டி கிளம்பியதே தெரியவில்லை. வாட்ச்மேன் விலகாமல் நின்றான், அம்மா ஹாரன் அடித்தபிறகுதான் துள்ளிக் குதித்தான்.

திரும்பி வரும்போது மதியம். பெட்ரோல் பங்க் முக்கில் அம்மா வண்டியை ஓரம் கட்டினார். எதற்கு என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு ரோடும் முன்னால் கிடந்தன. அம்மா ஸ்டியரிங்கை விடவே இல்லை.

“அன்னிக்கு மட்டும் நான் போன் பண்ணாம இருந்திருந்தா, நீங்க நேராப் போயிருப்பீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல எப்பவும் கூட்டம் நிக்கும், வண்டி நின்னிருக்கும், நீங்க திரும்பிப் பாத்திருப்பீங்க. தினமும் இதே ஓடுது தம்பி. என் வாயாலதான் அவர் போனார்.”

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் நான் மறுபடியும் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். கண்ணீர் தீர்ந்துபோன முகத்தோடு, தீர்ப்பை வாசிக்கிற மாதிரி சொன்னார்.

“நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே நான் திருப்பிட்டேம்மா,” என்றேன்.

அவர் தலை மெல்லத் திரும்பியது.

ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. பின்னாலிருந்து வந்த மூச்சைச் சொன்னேன். தூக்கம் என்று நினைத்ததைச் சொன்னேன். இதே இடத்தில் நானாகத் திருப்பியது, பத்து நிமிஷம் கழித்து போன் வந்தது, அப்போது நடுச்சுவர் இருந்த இடம், எல்லாம் சொன்னேன். நீங்கள் எழுப்பச் சொல்லியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி தாண்டிப்போயிருந்தது என்றேன். ஆறாம் நாள் படியில் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

“மூணு மாசமா?” என்றார். குரல் மிகச் சின்னதாக இருந்தது. “மூணு மாசத்துக்கு மேல என்னைப் பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க?”

ஆமாம் என்றேன்.

“இறங்குங்க.”

இறங்கினேன். கதவை மூடியதும் வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து, மார்க்கெட் ரோட்டில் போய் மறைந்தது. நான் பங்க் சுவரோரம் நின்றேன். பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது. கால் நகரவில்லை. மனசில் பாரம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறையவில்லை. அவர் தோளிலிருந்து இறங்கி என் தோளுக்கு வந்தது, அது இருக்க வேண்டிய இடத்துக்கு.

முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த நீல வண்டி திரும்பி வந்து என் முன்னால் நின்றது. கண்ணாடி இறங்கியது. அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன.

“பதினோரு நிமிஷம்,” என்றார். “பள்ளத்துல எல்லாம் இறக்கி ஏத்தி, நான் ஓட்டியே பதினோரு நிமிஷம்தான்.”

நான் தலைகுனிந்து நின்றேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி பேசினார்.

“நாளையிலிருந்து வர வேண்டாம். கோபத்துல சொல்லல. கோபம் நாளைக்குத்தான் வரும்னு நினைக்கிறேன். அது வரும்போது நீங்க எதிர்ல இருக்கக் கூடாது.” எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். “இப்ப ஏறுங்க. என்னால தனியாப் போக முடியல.”

ஏறி உட்கார்ந்தேன். அவர் கிளப்பவில்லை.

“பேசிக்கிட்டே வாங்க,” என்றார். “வீடு வர்ற வரைக்கும் எதையாவது பேசிக்கிட்டே இருங்க. பக்கத்துல சத்தம் இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு.”

இருபத்து மூன்று வருஷம் வண்டிக்குள் வாயைத் திறக்காதவன் நான். என்ன பேசுவது? பஸ் வருகிறது பார்த்து எடுங்கள் என்றேன். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். நான் வண்டி பழகிய முதல் மாதத்தில் ஓட்டியதைவிட நீங்கள் நன்றாக ஓட்டுகிறீர்கள் என்று ஏற்கெனவே சொன்னதை மறுபடி சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை இல்லை. வண்டியிலும் சத்தம் இல்லை. அம்மா வேகத்தைக் குறைத்து, என் கண் திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

“கடைசியா அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

“ஏசியைக் கூட்டச் சொன்னார்மா.”

“மழையிலயா?”

“ஆமாம்மா. மழையில.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பேப்பர் திருப்புகிற சத்தத்தைச் சொன்னேன், பேனா மூடியைச் சொன்னேன், அவர்களுடைய மகள் வெளியூருக்குப் படிக்கப் போன நாளில் ஐயா பின்னால் ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததையும் நான் காது கேளாதவன்போல ஓட்டியதையும் சொன்னேன். வீடு வந்தபிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி வாசலிலேயே நின்றது, வாட்ச்மேன் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், என் முகத்தைப் பார்த்து.